மகுடத்துக்குப் பின்னால் – 9: ஆறு வாரத்துக்கு வந்த லெனோரா

சென்ற வாரம் 1928-ல் நிறுத்தியிருந்தோம். அட்லாண்டிக் சிட்டி ஹோட்டல் முதலாளிகள் கூடி வாக்கெடுத்தார்கள். மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டி இனி வேண்டாம் என்று 27 பேர், இருக்கட்டும் என்று 3 பேர். கோடை விடுமுறை முடிந்த பிறகும் ஊரில் கூட்டம் தங்க வேண்டும் என்று 1921-ல் அந்த ஊர் வியாபாரிகள் ஆசையாகத் தொடங்கிய விழா அது. முதல் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து வந்த 16 வயது மார்கரெட் கோர்மன் தங்கக் கடற்கன்னிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தோம். ஏழே வருடத்தில் அதே விழா ஹோட்டல்காரர்களுக்குத் தலைவலியாகிவிட்டது. குடும்பத்தோடு வந்து தங்கும் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். பெண்கள் சங்கங்கள் கண்டித்தன. தேவாலயங்களிலும் எதிர்ப்பு. போட்டியை மூடினார்கள்.

1933-ல் ஒருமுறை தூசி தட்டி எடுத்தார்கள். 15 வயதுப் பள்ளிக்கூடப் பெண்ணுக்கு முடி சூட்டினார்கள். பணம் தேறவில்லை, மறு வருடம் மறுபடியும் இல்லை. 1935-ல் ஸ்டீல் பியர் என்ற கேளிக்கை மேடையின் விளம்பரப் பொறுப்பாளர் எடி கோர்கரன் மூன்றாவது தடவையாக முயன்றார். இந்த முறை அவர் ஒரு காரியம் செய்தார். ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர வணிகர் சங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, ஊர் விழாக்களை நடத்திப் பழகிய ஒரு பெண்ணை ஆறு வாரத்துக்குக் கடன் கேட்டார். அந்தப் பெண்ணின் பெயர் லெனோரா ஸ்லாட்டர். தெற்கத்திக்காரர், பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், வயது 28.

ஆறு வாரத்துக்கு வந்தவர் 32 வருடம் இருந்தார். இன்று உலகத்தின் பல அழகிப் போட்டிகளில் திறமைச் சுற்று, படிப்புதவி, ஒழுங்கு விதிகள், மாவட்டத்தில் ஜெயித்து மாநிலத்துக்குப் போய் அங்கிருந்து தேசிய மேடைக்கு ஏறும் படிக்கட்டு என்று எதைத் தொட்டாலும் லெனோராவின் கைரேகை இருக்கும். இத்தொடரில் மகுடம் சூடியவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். மகுடத்தை யார் தலைக்கு என்று தீர்மானிக்கும் விதிகளை எழுதியவரைப் பற்றி இந்த வாரம்.

அவர் வந்த முதல் வருடமே வம்பு வந்தது. 1935-ல் ஜெயித்தவர் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஹென்ரியெட்டா லீவர், கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தவர். அவரை மாதிரியாக வைத்து ஒரு சிற்பி சிலை செய்தார். திறந்து பார்த்தால் சிலையின் மேல் ஒரு துணிகூட இல்லை. நான் நீச்சல் உடையில்தான் நின்றேன், பாட்டியும் பக்கத்தில்தான் இருந்தார் என்று அந்தப் பெண் பதறிச் சொன்னார். பத்திரிகைகளுக்குச் சிலைதான் செய்தி, பாட்டி செய்தியில்லை.

இரண்டு வருடம் கழித்து அதைவிடப் பெரிய அடி. 1937 செப்டம்பரில் மகுடம் சூட்டப்பட்டவர் பெட்டி கூப்பர். வயது 17. நியூஜெர்சியில் பெர்ட்ராண்ட் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவின் சார்பில் விளையாட்டாகக் கலந்துகொண்டவர். ஜெயிப்போம் என்று அவரும் நினைக்கவில்லை, வீட்டாரும் நினைக்கவில்லை. போட்டி நாட்களில் அவருக்குத் துணையாகக் காரோட்ட விடப்பட்டவர் லூ ஆஃப் என்ற உள்ளூர் இளைஞர். முடிசூடிய இரவில் பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு ஒரு வருடம் ஊர் ஊராகப் போக வேண்டுமா? மறுநாள் காலை புகைப்படக்காரர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். மிஸ் அமெரிக்காவைக் காணோம். இரவோடு இரவாக லூ ஆஃப் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மகுடம் இருந்தது, அதைச் சூடிய தலையைத்தான் காணவில்லை.

அமெரிக்கா முழுக்கச் சிரித்தது. லெனோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உட்கார்ந்து விதிகள் எழுதினார்.

போட்டிக்கு வருகிறவருக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும், 28-ஐத் தாண்டக் கூடாது. திருமணமே ஆகியிருக்கக் கூடாது. பூங்காவின் பெயரிலோ, தியேட்டரின் பெயரிலோ, பத்திரிகையின் பெயரிலோ வரக் கூடாது, ஊரின் பெயரில் அல்லது மாநிலத்தின் பெயரில் வர வேண்டும். பாட்டோ நடனமோ வாத்தியமோ ஏதாவது ஒரு திறமையை மேடையில் காட்டியே ஆக வேண்டும். போட்டி வாரம் முழுக்க எந்த ஆணோடும் தனியே பேசக் கூடாது, பெற்ற அப்பாவாக இருந்தாலும் சரி. மது விற்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊரின் மதிப்புள்ள குடும்பத்துப் பெண்மணி ஒருவர் காலை முதல் இரவு வரை கூடவே இருப்பார்.

இந்தக் கடைசி விதியில் லெனோராவின் சாமர்த்தியம் முழுக்கத் தெரிகிறது. அட்லாண்டிக் சிட்டியின் பழைய ஹோட்டல் குடும்பங்களில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் பலர். கட்டுப்பாடானவர்கள், போட்டியை 1928-ல் மூட வைத்த மனநிலை அவர்களுடையது. அப்போதைய மேயரின் மனைவியும் குவேக்கர்தான். லெனோரா நேரே அவரிடம் போய், துணைப் பெண்கள் கமிட்டிக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கேட்டார். அந்த அம்மா ஒப்புக்கொண்டதும் ஊரின் பெரிய வீட்டுப் பெண்கள் எல்லோரும் கமிட்டிக்குள் வந்துவிட்டார்கள். தன் மனைவி பார்த்து நடத்துகிற விழாவை எந்த ஹோட்டல் முதலாளி இனி வாக்கெடுத்து மூட முடியும்? வாதாடி ஜெயிக்க முடியாதவர்களை விருந்தாளியாக்கிக்கொண்டார். 1940-ல் போட்டி ஸ்டீல் பியரை விட்டு நகரத்தின் பிரம்மாண்டமான கன்வென்ஷன் ஹாலுக்குப் போனது. மறு வருடம் லெனோரா முழுப் பொறுப்புள்ள இயக்குநர். ஆண்கள் மட்டுமே நடத்திய கேளிக்கைத் தொழிலில், அந்தக் காலத்தில், இது சின்ன விஷயமில்லை.

சொற்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. போட்டியில் யாரும் 'குளியல் உடை' என்று சொல்லக் கூடாது, 'நீச்சல் உடை' என்றே சொல்ல வேண்டும். குளியல் என்றால் குளியலறை நினைவுக்கு வரும், நீச்சல் என்றால் விளையாட்டு. அதே துணிதான், அதே உடம்புதான். பெயரை மாற்றிப் பார்வையை மாற்ற முடியும் என்று உறுதியாக நம்பியவர் அவர்.

அவர் கட்டியதெல்லாம் ஒரே அஸ்திவாரத்தின் மேல். தமிழில் அதற்கு நம்மிடம் பழகிய வார்த்தை இருக்கிறது: நல்ல குடும்பத்துப் பெண். மேடையில் நிற்கிறவர் நல்ல குடும்பத்துப் பெண் என்று ஊர் நம்ப வேண்டும். நம்பினால் நிகழ்ச்சி பிழைக்கும். இந்த வார்த்தை எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? பெண் பார்க்கும்போது சொல்கிறோம், வாடகைக்கு வீடு விடும்போது சொல்கிறோம். சொல்லும்போது குடும்பத்தின் குணத்தை மட்டுமா விசாரிக்கிறோம்?

லெனோராவின் விதிப்புத்தகத்தில் 7-ஆம் விதி அதை ஒளிக்காமல் எழுதிவைத்தது. போட்டியாளர் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும், வெள்ளை இனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரியில், ஏதோ இரண்டும் ஒரே வகைத் தகுதி என்பது போல. அதோடு ஒரு ஃபாரமும் உண்டு. போட்டிக்கு வரும் பெண் தன் வம்சாவளியை எவ்வளவு பின்னால் போய் எழுத முடியுமோ அவ்வளவு எழுத வேண்டும். தாத்தா யார், அவருடைய தகப்பனார் யார், எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தார்கள். ஆரம்பகாலக் குடியேறிகளோடு மேஃப்ளவர் கப்பலில் வந்திறங்கிய முன்னோர் வரைக்கும் பெருமையாக எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஜாதகத்தோடு குலம் கோத்திரம் எழுதிக் கொடுத்துப் பழகிய நமக்கு அந்தக் காகிதத்தின் கட்டங்களைக் கற்பனை செய்துகொள்வதில் சிரமமே இருக்காது. நீச்சல் உடையில் நடப்பதற்கு முப்பாட்டனின் பெயர் எதற்கு என்று அந்தக் காலத்தில் அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கறுப்பினப் பெண்கள் அதற்கு முன்பு அட்லாண்டிக் சிட்டி விழாவுக்குள் வந்ததே இல்லையா? வந்தார்கள். 1923 விழாவில், இசை நாடகக் காட்சி ஒன்றில், அடிமை வேடத்தில்.

இதே லெனோராதான் அடுத்த காரியத்தையும் செய்தார் என்பதால்தான் இவரைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

1943-ல் ஜெயித்தவர் ஜீன் பார்டெல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மாணவி. அதற்கு முன் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் ஹாலிவுட் கனவோடு வந்தவர்கள். மகுடத்தைக் காட்டி ஒரு சினிமா வாய்ப்பு, ஒரு நாடகக் கம்பெனி, அது கிடைக்காவிட்டால் ஊர் திரும்புதல். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடத்தில் ஜீன் பார்டெல் நாடு முழுக்கச் சுற்றிப் போர்க் கடன் பத்திரங்கள் விற்றார். 25 லட்சம் டாலர் சேர்ந்தது. அப்படிப் போகும் வழியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மாணவிகளைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் ஒரு யோசனை வந்தது. ஜெயிக்கிறவருக்கு ஃபர் கோட்டும் சினிமா டெஸ்ட்டும் கொடுப்பதற்குப் பதிலாகப் படிக்கப் பணம் கொடுத்தால் என்ன?

லெனோரா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போட்டியை நடத்திய ஆண்கள் பலருக்கு இது விளங்கவில்லை. அழகிப் போட்டிக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம்? அவர் கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதினார். துணிக் கம்பெனி, நீச்சல் உடைக் கம்பெனி, ஷாம்பூ கம்பெனி, கடிகாரக் கம்பெனி, மளிகைக் கம்பெனி என்று ஐந்து பேர் சம்மதித்தார்கள். 5,000 டாலர். 1945-ல் மகுடம் சூடுபவருக்கு அந்த ஸ்காலர்ஷிப் என்று அறிவித்தார்.

5,000 டாலருக்கு அன்று என்ன மதிப்பு என்பதை விலைவாசிக் கணக்கில் சொல்லலாம். அதைவிட, அதற்காக வந்தவரைப் பார்த்தால் விளங்கும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஷோலம் அலைகம் குடியிருப்பு என்று ஒன்று உண்டு. யிட்டிஷ் பேசும் யூதத் தொழிலாளர் குடும்பங்கள் கூட்டுறவு முறையில் கட்டிக்கொண்டது. அங்கே ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பெயிண்டரின் மூன்று மகள்களில் ஒருவர் பெஸ் மையர்சன். ஐந்தடி பத்தங்குல உயரம். ஹன்டர் கல்லூரியில் இசை படித்து முடித்தவர். பியானோவும் புல்லாங்குழலும் வாசிப்பார். மேற்கொண்டு படிக்க வேண்டும், நல்ல பியானோ ஒன்று வாங்க வேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. அவருக்குத் தெரியாமலே அக்கா சில்வியா நியூயார்க் நகரப் போட்டிக்கு அவர் பெயரைக் கொடுத்தார். பெஸ் ஜெயித்துவிட்டார்.

லெனோராவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. அவர் தேடிக்கொண்டிருந்த ஆள் அப்படியே வந்து நிற்கிறார்: பட்டதாரி, இசைக் கலைஞர், ஸ்காலர்ஷிப்புக்காகவே வந்தவர். ஒரே ஒரு குறை, பெயர். தனியே அழைத்துப் பேசினார். மேடைக்கு ஏற்றபடி பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றார். பெத் மெரிக் மாதிரி ஏதாவது.

வெளிப்படையாக யூதர் என்ற வார்த்தையை அந்தப் பேச்சில் யாரும் எடுக்கத் தேவையில்லை. "சொந்த ஊர் எது, முழுப் பேர் என்ன" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது எதைக் கேட்கிறார் என்று கேட்கப்படுகிறவருக்குப் புரிந்துவிடும். பெஸ்ஸுக்கும் புரிந்தது. அவர் முடியாது என்றார். பின்னாளில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. ஒருவேளை ஜெயித்துவிட்டால், தான் வளர்ந்த அந்தக் குடியிருப்பில் இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும், ஜெயித்தது தங்கள் வீட்டுப் பெண் பெஸ்தான் என்று தெரிய வேண்டும். நீச்சல் உடையில் நடக்கச் சொன்னபோது நடந்தவர், பெயரைக் கழற்றச் சொன்னபோது நின்றுவிட்டார். 21 வயதில், எதிரே போட்டியின் முழு அதிகாரமும் கையில் வைத்திருப்பவர் உட்கார்ந்திருக்கும்போது.

1945 செப்டம்பர் 8. ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு ஆறே நாள். கன்வென்ஷன் ஹாலை ராணுவம் எடுத்துக்கொண்டிருந்ததால் போட்டி வார்னர் தியேட்டரில் நடந்தது. ஐரோப்பாவின் வதைமுகாம் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். பெஸ் மையர்சன் பியானோவில் கிரீக்கின் இசையையும் புல்லாங்குழலில் கெர்ஷ்வினின் இசையையும் வாசித்தார். மிஸ் அமெரிக்கா என்று அவர் பெயரை அறிவித்தபோது, தாமே ஜெயித்ததுபோல யூதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டம் பெற்ற முதல் யூதப் பெண் அவர்.

அதன் பிறகு நடந்ததும் பதிவாகியிருக்கிறது. மிஸ் அமெரிக்காவுக்கு வழக்கமாக வந்து குவியும் விளம்பர வாய்ப்புகள் அவருக்கு வரவில்லை. ஒரு கன்ட்ரி கிளப் வரவேற்பு ஏற்பாடு செய்துவிட்டு, யூதர்களுக்கு இங்கே அனுமதியில்லை என்று பிறகு தெரிவித்தது. பெஸ் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். யூத வெறுப்புக்கு எதிராகப் போராடும் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து பள்ளி பள்ளியாகப் போனார். மகுடம் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு, வெறுப்பைப் பற்றி மாணவர்களிடம் பேசினார். லெனோரா மாற்றச் சொன்ன அதே பெயரில்.

ஸ்காலர்ஷிப் திட்டம் நிலைத்தது. ஊர் ஊராக இளம் வணிகர் சங்கங்கள் உள்ளூர்ப் போட்டிகளை நடத்த முன்வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் கைக்காசு இல்லாத எத்தனையோ பெண்கள் அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். இதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பெயிண்டர் மகளின் மேற்படிப்புக்கு வழிசெய்யும் திட்டத்தை உண்டாக்கியதும், அந்த மகளிடம் பெயரை மாற்று என்று சொன்னதும் ஒரே ஆள், ஒரே வருடம். இரண்டுக்கும் ஒரே காரணம்தான். நல்ல குடும்பத்துப் பெண் படித்தவளாக இருக்க வேண்டும், நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் ஒரு மாதிரிதான் ஒலிக்க வேண்டும்.

1948-ல் இன்னொரு மாற்றம். அதுவரை நீச்சல் உடையிலேயே முடிசூட்டுவார்கள். அந்த வருடம் பீபி ஷாப்புக்கு நீண்ட மாலை உடையில் சூட்டினார் லெனோரா. புகைப்படக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. 1950 செப்டம்பரில் ஜெயித்தவரை 1951-இன் மிஸ் அமெரிக்கா என்று அறிவித்தார், பட்டம் வருடம் முழுக்கப் புதிதாக இருக்க வேண்டுமென்பதற்காக. அதனால்தான் பட்டியலைப் புரட்டினால் 1950-க்கு மிஸ் அமெரிக்காவே இருக்க மாட்டார்.

அந்த 1951-காரர் யோலாண்ட் பெட்பீஸ். அலபாமாவின் மொபீல் நகரத்தவர், கன்னிமாடப் பள்ளியில் படித்தவர், ஆபரா பாடகி. ஜெயித்த கையோடு ஒரு அறிவிப்புச் செய்தார்: இனி ஊர் ஊராகப் போய் நீச்சல் உடையில் நிற்க மாட்டேன். நீச்சல் உடை தயாரிக்கும் கட்டலினா கம்பெனி போட்டியின் பெரிய ஸ்பான்சர். அவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. போட்டி வளைந்துகொடுக்கவில்லை, கட்டலினா விலகிப் போனது. போய், 1952-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் சொந்தமாகவே ஒரு போட்டியைத் தொடங்கியது. மிஸ் யூனிவர்ஸ்.

அந்த முதல் மிஸ் யூனிவர்ஸ் மேடையில் இந்தியாவின் சார்பில் நின்றவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். அம்மா ராகினி தேவி அமெரிக்காவில் பிறந்து, இந்திய நடனத்தின் மேல் காதல்கொண்டு இங்கே வந்தவர். நீச்சல் உடையோடு நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக இந்திராணி நிற்கும் புகைப்படத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். அப்போது அவருக்கு 21 வயது. திருமணமாகி ஒரு குழந்தைக்குத் தாய். லெனோராவின் விதிப்புத்தகப்படி அவர் வாசற்படிகூட ஏறியிருக்க முடியாது. திருமணம் ஒரு தடை. வம்சாவளி ஃபாரம் இன்னொன்று.

7-ஆம் விதி 1950-ல் நீக்கப்பட்டது. ஆரவாரமில்லாமல் ஒரு வரி காணாமல் போனது. 1954-ல் போட்டி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது 2.7 கோடிப் பேர் பார்த்தார்கள். நடுவர்களில் நடிகை கிரேஸ் கெல்லி இருந்தார். அத்தனை பேர் பார்த்த மேடையில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை. விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. உள்ளூர்ப் போட்டியில் தேர்ந்தெடுக்கிறவர்கள், மாநிலப் போட்டியில் மதிப்பெண் போடுகிறவர்கள், துணைக்கு வரும் பெரிய வீட்டுப் பெண்கள் எல்லோரும் 'நல்ல குடும்பம்' என்றால் என்ன என்பதை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் இயக்குநர் நாற்காலியில் இருந்தார். இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் வேறு யாருமில்லை, யோலாண்ட் பெட்பீஸ்தான். நீச்சல் உடையை மறுத்த அதே குரலில், கறுப்பினப் பெண்கள் இல்லாத மேடையை எப்படி அமெரிக்காவின் மேடை என்கிறீர்கள் என்று கேட்டார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் தெருவில் இறங்கியும் நின்றார்.

1967-ல் லெனோரா ஓய்வுபெற்றார். மறு வருடம், 1968 செப்டம்பர் 7 அன்று, கன்வென்ஷன் ஹாலுக்கு வெளியே மரப்பலகை நடைபாதையில் பெண்கள் திரண்டு மிஸ் அமெரிக்காவை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. அதே இரவு, அதே ஊரில், ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் இன்னொரு கூட்டம் கூடியது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மாரிஸ் ஆண்டர்சன் என்ற கறுப்பினத் தொழில்முனைவோர் ஏற்பாடு செய்திருந்தது. அவருடைய சின்ன மகள்களுக்கு மிஸ் அமெரிக்கா ஆக ஆசை. ஆக முடியாது என்று குழந்தைகளிடம் எந்தத் தகப்பன் சொல்வான்? அவர் மிஸ் பிளாக் அமெரிக்கா என்று ஒரு போட்டியையே தொடங்கிவிட்டார். கன்வென்ஷன் ஹால் நிகழ்ச்சி முடிந்து பத்திரிகைக்காரர்கள் வரட்டும் என்று நள்ளிரவு வரை காத்திருந்து நடத்தினார்கள். ஜெயித்தவர் 19 வயதுக் கல்லூரி மாணவி சாண்ட்ரா வில்லியம்ஸ். சுருள் முடியை நேராக்காமல், பிறந்தபடியே விட்டு, அதன் மேல் மகுடம் சூடிக்கொண்டார்.

பெரிய ஹாலின் மேடைக்கு முதல் கறுப்பினப் போட்டியாளர் வந்தது 1970-ல். அயோவா மாநிலத்தின் சார்பில் வந்த செரில் பிரவுன் என்ற கல்லூரி மாணவி. அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. திறமைச் சுற்றில் அவர் பாலே ஆடினார். அந்தத் திறமைச் சுற்றைக் கட்டாயமாக்கியவர் லெனோரா ஸ்லாட்டர்.

(தொடரும்)